படுக்கைப் புண்ணுக்கு 'பேக்கேஜ்' என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கியவர்கள்

என் தாயாரின் புண்ணிலிருந்து அழுகிய சதையை அரசு மருத்துவமனையில் வெட்டி அகற்றிய மறுநாள் இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்தால் நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அவருக்கு, வால் எலும்பின் மேல் தோல் உரிந்து, ஐந்து ரூபாய் நாணய அளவில் ஆழமில்லாத ஒரு புண் வந்தது. வீட்டுக்கே வந்து நர்சிங் செய்யும் ஒரு நிறுவனத்தை விளம்பரம் பார்த்து அழைத்தேன். வந்தவர் புண்ணை அளக்கவில்லை. சர்க்கரை நோய் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டு, அம்மாவின் வாயோரம் வழிந்த எச்சிலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். சொந்தக்காரர்களே முகம் சுளித்த வீட்டில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. 21 நாளில் ஆற்றித் தருவதாக அவர் சொன்ன பேக்கேஜுக்கு, அவர் வாசலில் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் 42,000 ரூபாயையும் கைபேசியிலேயே அனுப்பிவிட்டேன்.

தினமும் ஒருவர் வந்து ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டி, அயோடின் தடவி, உலர்ந்த துணியை ஒட்டிவிட்டுப் போனார். அந்தப் பெராக்சைடு புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே அரிக்கும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றோ, ஏர் பெட் வாங்க வேண்டும் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. மாறாக, சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும் வளையத் தலையணை ஒன்றைத் தந்தார்கள். இரண்டாம் வாரத்தில் புண் கறுத்தபோது, காய்ந்து வருகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். உண்மையில் அது செத்த சதை.

படுக்கைப் புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோல் கிழியாமல், அழுத்தினாலும் வெளுக்காமல் சிவந்திருப்பது முதல் நிலை (நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்); அங்கே அழுத்தத்தை நீக்குவதே முதல் வைத்தியம். மேல்தோல் போன இரண்டாம் நிலையில் சலைன் என்ற உப்புநீரால் கழுவி, ஈரம் காக்கும் டிரஸ்ஸிங் போட்டு, படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. அந்த நிலைகளில் செத்த சதையை அகற்றுவது, கிருமித் தொற்றைத் தேடுவது, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை என்று திட்டமே வேறாகிவிடுகிறது. கறுப்பு மூடியிருந்தால், அதை எடுக்கும்வரை ஆழத்தைச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு எடுத்துப் பார்த்தபோது எலும்பு தெரிந்தது. இரண்டாம் நிலையில் அவர்களை நம்பி ஒப்படைத்தேன், நான்காம் நிலையில் திரும்பப் பெற்றேன்.

காய்ச்சல் வந்த இரவு அழைத்தபோது மேலாளர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளும் அதே கூட்டம்தான். பிறகு, நீங்கள் போட்ட டயப்பர்தான் காரணம் என்றார்கள். பணத்தைக் கேட்டதற்கு, 42,000 ரூபாயும் பஞ்சுக்கும் மருந்துக்கும் செலவாகிவிட்டதாம். எங்கள் வீட்டு மூலையில் கிடப்பவை ஆறு பெராக்சைடு பாட்டில்கள் மட்டுமே.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை. புண்ணின் நிலையைச் சொல்லி, அளவை எழுதித் தராதவருக்கு முன்பணம் தராதீர்கள். நாள் கணக்கில் ஆற்றுவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். கறுத்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கை நோயாளிகளைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள்; நான் முதலில் அங்கேதான் கேட்டிருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 42,000 ரூபாய்க்கு ரசீது என்று என்னிடம் இருப்பது, "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்ற ஒரு வாட்ஸ்ஆப் செய்திதான்.