லத்தியடிக்கு இழப்பீடு: சிவில் வழக்கா, ரிட் மனுவா, மனித உரிமை ஆணையமா?

காசிமேட்டில் ஆட்டோ ஓட்டும் என் தங்கையின் கணவரை ஓர் இரவு விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய், எஃப்.ஐ.ஆர். எதுவும் போடாமல் விடியற்காலையில் வெளியே விட்டபோது, அவருடைய இடது முழங்கை வீங்கியிருந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனோம்.

சிவில் வழக்கு எங்களுக்கு ஒத்துவரவில்லை. அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, கேட்கும் தொகையில் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம், அதன் பிறகு ‘அரசின் இறையாண்மைப் பணி’ என்ற வாதம், அதாவது அரசுக்கே உரிய பணியில் ஊழியர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்பது. மீரட் போலீசார் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவரே சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடியபோதும், அதற்கு அரசு பொறுப்பல்ல என்று கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-இல் கூறிவிட்டது. பிந்தைய தீர்ப்புகள் அந்தக் கேடயத்தை வெகுவாகச் சுருக்கியிருக்கின்றன என்பது உண்மைதான்.

அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் அந்தக் கேடயம் செல்லாது. காவலில் மகனை இழந்த தாயின் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1,50,000 ரூபாய் வழங்கச் சொன்ன 1993-ஆம் ஆண்டின் நீலபதி பெஹரா தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. ஆனால் அடித்தார்களா இல்லையா என்பதே தகராறாக இருக்கும்போது, உயர் நீதிமன்றம் பெரும்பாலும் வேறு வழியைப் பார்க்கச் சொல்லும். நான் ரிட் போட்டவன் அல்லன். ஆயினும் காவல் மரணம் என்றால் அங்கேதான் போகச் சொல்வேன்.

ஆணையத்தில் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். இவையெல்லாம் இரண்டாம்பட்சம். பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதைத்தான் நான் பார்த்தேன். கருவூலத்திலிருந்து கொடுத்தால் அடித்தவருக்கு அதில் வலியில்லை, அது நம் வரிப்பணம். ஆணையமோ, இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்ல முடியும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியபோது, இந்தப் பிடித்தத்தையும் ஏற்றுக்கொண்டது. துறை நடவடிக்கையைப் பொறுத்தவரை ஆணையமே தண்டனை கொடுக்க முடியாது, அதைத் துறைதான் செய்ய வேண்டும், அது ஒரு குறைதான்.

எங்கள் புகாரில் இன்னும் உத்தரவு வரவில்லை என்பதால், பிடித்தம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று அனுபவத்தில் சொல்ல இயலாது. கிரீன்வேஸ் சாலையில் உள்ள ஆணைய அலுவலகத்துக்குப் போனபோது கையில் இருந்த ஒரே ஆதாரம் ஸ்டான்லி மருத்துவமனையில் வாங்கிய ஏ.ஆர். (காயத்தையும் அதன் காரணத்தையும் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு) நகல், அதில் ‘தெரிந்த நபர்கள் லத்தியால் தாக்கியதாக’ என்று ஒரு வரி. மாப்பிள்ளை பயந்துபோய், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகவே டாக்டரிடம் சொல்லவிருந்தார். என் தங்கைதான் குறுக்கே புகுந்து உள்ளதைச் சொன்னாள்.