சிறுநீரகம் தளரும்போது: டாக்ரோலிமஸைக் குறைப்பதா, எவரோலிமஸுக்கு மாறுவதா?

மாற்று இதயத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயைச் சுருக்கிவிடும். தொடக்கத்தில் அளவைக் குறைத்தால் சுருக்கம் விலகும். வருடக்கணக்கில் நீடித்தால் திசு தழும்பேறிவிடும், அது திரும்பாது.

இலங்கையின் முதல் இதயமாற்று 2017 ஜூலையில் கண்டியில் நடந்தது. கிளினிக் கண்டியில், நோயாளி தொலைவில் மலையகத்துப் பொகவந்தலாவையில் என்றால் எந்த வழி பொருந்தும் என்பதில் அந்தத் தூரத்துக்கும் பங்குண்டு.

சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் ஏறியதுமே மருந்தை மாற்ற ஓடவேண்டாம். முதலில் இரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். நாளுக்கு இருமுறை எடுக்கும் டாக்ரோலிமஸ் என்றால், இரவு 9 மணிக்குப் போட்டவர் காலை 9 மணிக்கு, காலை வேளை மருந்துக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். விடிய 5 மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குளிசையை விழுங்கிவிட்டு வந்தால் இரத்தத்தில் மருந்தின் மட்டம் பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பிக் குறைத்தால் அடி இதயத்துக்கு. மேடு பள்ளம் ஏறியிறங்கிய முழங்கால் வலிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைக்ளோஃபெனக் போட்டாரா? வயிற்றோட்டம் இருந்ததா? வயிற்றோட்டத்தின்போது டாக்ரோலிமஸ் கூடுதலாக உடலில் சேரும், நீரும் வற்றும். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டில்டியாசெம், பம்பளிமாஸ் ஆகியவையும் மட்டத்தை ஏற்றும். வெறும் தேத்தண்ணிமேல் பழி போடாதீர்கள். வலிக்கு அளவோடு பனடோல் (பாராசிட்டமோல்) போதும்.

இவை எதுவும் இல்லையென்றால், முதல் வழி, கூடவே கொடுக்கும் இன்னொரு நிராகரிப்புத் தடுப்பு மருந்தான மைகோஃபினோலேட்டை நிறுத்தாமல் டாக்ரோலிமஸை மட்டும் இறக்குவது. முதல் மாதங்களில் 10–15 நானோகிராம்/மி.லீ. இருந்த மட்டத்தை, பிந்திய காலத்தில் 5–10இன் கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுவரலாம். தூரத்து நோயாளிக்கு இதுவே எங்கள் முதல் தெரிவு. மைகோஃபினோலேட்டே வயிற்றோட்டம் தரக்கூடியது என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது, நிராகரிப்பைத் தடுக்கும் வேறுவகை மருந்தான எவரோலிமஸை (மட்டம் 3–8 நானோகிராம்/மி.லீ.) சேர்த்து டாக்ரோலிமஸை இன்னும் இறக்குவது. இதயத் தமனிகள் தடிப்பதையும் இது மெதுவாக்கும். ஆனால் சைக்ளோஸ்போரினை முழு அளவில் வைத்துக்கொண்டு எவரோலிமஸைச் சேர்த்தால் சிறுநீரகம் இன்னும் கெடும். தொடங்குமுன் சிறுநீரில் புரதம் பாருங்கள். நாளுக்கு 1 கிராமைத் தாண்டுபவருக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. வாய்ப்புண், கால்வீக்கம், கொழுப்பு உயர்வு வரலாம். காயமும் தாமதமாக ஆறும் என்பதால் மாற்றுச் சிகிச்சையின் முதல் 3 மாதங்களில் தவிர்ப்பது நல்லது.

டாக்ரோலிமஸை அறவே நிறுத்தி எவரோலிமஸும் மைகோஃபினோலேட்டும் கொடுப்பது மூன்றாவது. சிறுநீரகத்துக்கு அதிக ஆறுதல் இதில்தான், நிராகரிப்பு அபாயமும் இதில்தான் அதிகம். இதயத் திசுப் பரிசோதனைக்கு அடிக்கடி கண்டிக்கு வரமுடியாதவருக்கு இதைத் தொடங்கக்கூடாது.