தொடக்கக் கல்லூரியா, பாலியா: ஓப்பன் ஹவுஸில் எதை எங்கே கேட்பது?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு ஜனவரியில் கைக்கு வந்த பிறகு, எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமான கூட்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கச் சில நாள்கள்தான் கிடைக்கும். 12 தெரிவுகள் தரலாம். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ நிலைத் தேர்வுக்குத் தயார்செய்யும் தொடக்கக் கல்லூரியையும், பட்டயப் படிப்பு தரும் பலதுறைத் தொழிற்கல்லூரியையும் (பாலி) ஒரே பட்டியலில் கலந்து எழுதலாம். கல்லூரிகள் வளாகத்தைத் திறந்துகாட்டும் ஓப்பன் ஹவுஸுக்குப் போகிறவர்கள் பலரும் இரண்டு இடத்திலும் கேட்கும் முதல் கேள்வி, "வெட்டுப்புள்ளி எவ்வளவு?" அதற்காக வரிசையில் நிற்க வேண்டாம், இணையத்திலேயே இருக்கிறது. அதுவும் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளிதான் (புள்ளி குறையக் குறைய நல்லது); இந்த ஆண்டுக்கென்று யாரும் முன்கூட்டியே வகுத்த எல்லை அல்ல.

எங்கள் கணிப்பு இது: தொடக்கக் கல்லூரியில் கல்லூரியைப் பற்றிக் கேளுங்கள், பாலியில் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். ஏ நிலைக்குத் தயார்செய்யும் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முடிவில் எழுதுவது ஒரே தேர்வு. பாலியில் அப்படியில்லை. ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த இரண்டு பட்டயப் படிப்புகள் முற்றிலும் வேறு வேறு வேலைகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இட்டுச் செல்லும்.

தொடக்கக் கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது பாடச் சேர்க்கை, அதாவது எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம் என்பது. "எச்2 (ஏ நிலையின் முழுப் பாட நிலை) உயிரியல் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்பார்கள். "என் மதிப்பெண்ணுக்கு வேதியியலோடு சேர்த்து அது கிடைக்குமா? இடம் குறைந்தால் யாருக்கு முன்னுரிமை?" என்று கேளுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவத்துக்கு எச்2 வேதியியலும், கூடவே உயிரியல் அல்லது இயற்பியலும் வேண்டும். முதல் வாரத்தில் வேறு சேர்க்கையில் தள்ளப்பட்டால் அந்தக் கதவு அப்போதே மூடிக்கொள்ளும்.

அடுத்து, மேசையில் நிற்கும் மாணவரிடம் ஏதாவது ஒரு பாடத்தின் டியூட்டோரியல் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கேள்விகள், அவற்றில் எத்தனை வகுப்பில் அலசப்படுகின்றன, மீதிக்கு விடை மட்டும் தருகிறார்களா, வழிமுறையும் தருகிறார்களா என்று பாருங்கள். பளபளக்கும் கையேட்டைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும். பின்தங்கும் மாணவருக்கு என்ன உதவி, முதலாண்டில் தேறாதவர் மறுபடி படிக்கலாமா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

தமிழ் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்திலும் உயர்தமிழிலும் சி6 அல்லது அதைவிட நல்ல தரம் இருந்தால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளிகள் கழியும். பாலிக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்மொழியும் இலக்கியமும் எச்2 பாடமாக எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. வகுப்பு அங்கேயே நடக்கிறதா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலியில் பலர் தடுமாறுவது கணக்கில். பாலிச் சேர்க்கைக்கான கூட்டுப்புள்ளியான இஎல்ஆர்2பி2 என்பது ஒரே எண் அல்ல. ஆங்கிலம், தொடர்புடைய இரண்டு பாடங்கள், சிறந்த இரண்டு பாடங்கள் என்று கூட்டுகிறோம். அந்தத் 'தொடர்புடைய' பாடங்கள் படிப்புக்குப் படிப்பு மாறும். பொறியியலுக்குக் கணிதமும் ஓர் அறிவியலும். வணிகத்துக்கு அறிவியலின் இடத்தில் வரலாறு, புவியியல் போன்ற பாடம். ஒருவருக்கே ஒரு படிப்புக்கு 14, இன்னொன்றுக்கு 18 வரலாம். ஒரே எண்ணை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் கணிப்பு பிழைத்துப்போகும். சில படிப்புகளுக்கு நிறப் பார்வைக் குறைபாடு தடை. அதையும் முன்பே பாருங்கள்.

துறை முடிவாகாதவர்களை ஈர்ப்பது, முதலில் பொதுவாகப் படித்துவிட்டுப் பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொது நுழைவுத் திட்டம். அங்கே கேட்க வேண்டியது: பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது விரும்பியது எல்லாருக்கும் கிடைக்குமா, முதல் பருவ ஜிபிஏவை (சராசரி மதிப்பெண்ணை) வைத்துத்தான் தருவார்களா? சேர்ந்த பிறகு படிப்பு பிடிக்காவிட்டால் மாற எத்தனை ஜிபிஏ வேண்டும்? வேலைப் பயிற்சி எத்தனை வாரம், இடத்தைக் கல்லூரி தேடித் தருமா? "எங்கள் மாணவர் பல்கலைக்கழகம் போயிருக்கிறார்" என்றால் அந்த வகுப்பில் எத்தனை பேர், எந்தத் துறைக்கு என்று தொடருங்கள். ரிபப்ளிக் பாலி குழுவாக ஒரு சிக்கலைத் தீர்த்துப் படிக்கும் சிக்கல்வழிக் கற்றலுக்குப் பேர்போனது; குழுவில் ஒருவர் வேலை செய்யாவிட்டால் மதிப்பெண் எப்படிப் பிரியும் என்று அங்கே கட்டாயம் கேளுங்கள்.

செலவில் இடைவெளி பெரிது. சிங்கப்பூரருக்கு அரசாங்கத் தொடக்கக் கல்லூரியில் மாதம் சில பத்து வெள்ளி. பாலியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதையும் கேட்டு வையுங்கள்.

தொடக்கக் கல்லூரியின் இரண்டாண்டு வேகம் அதிகம் என்று தோன்றினால், மூன்றாண்டில் ஏ நிலை எழுதவைக்கும் மில்லெனியா கல்வி நிலையத்தையும் பார்த்துவிடுங்கள். இப்போது கீழ்வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2028 சேர்க்கை முதல் தொடக்கக் கல்லூரிக்கு எல்1ஆர்5 (முதல் மொழியும் தொடர்புடைய ஐந்து பாடங்களும்) போய் எல்1ஆர்4 (முதல் மொழியும் நான்கு பாடங்களும்) வருகிறது, வரம்பு 16 புள்ளி.

ஓப்பன் ஹவுஸ் அன்று பகலில் காலியான எம்ஆர்டியில் போய்விட்டுத் தூரம் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வேலைநாளில் காலை ஏழரைக்குள் வாசலில் நிற்கும்படி போய்ப் பாருங்கள். பிறகு 12 தெரிவுகளையும் உங்கள் விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். புள்ளி எட்டாது என்று தோன்றும் படிப்பை முதலில் வைப்பதால் கீழே உள்ளவற்றில் உங்கள் வாய்ப்பு குறைந்துவிடாது.