மூன்று பைட் டேட்டாபேஸோடு குடித்தனம்: எது நிலைத்தது, எது காலை வாரியது

பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஒன்றின் மேல் எழுதிய வெப் சர்வீஸைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். டேபிள்களில் கை வைக்க நெடுநாள் அனுமதி இல்லை. அதனால் என்கோடிங் (எழுத்தை பைட்களாக மாற்றும் முறை) சிக்கலுக்கான மாற்றுவழிகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாயிற்று.

மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' என்கோடிங் ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறிகளுக்கு அதுவே போதும் என்பதால் ரொம்ப நாள் எதுவும் தெரியாது. இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். தவறான தரவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் எரர் வரும், பரவாயில்லை. அந்த மோடு இல்லாவிட்டால் இமோஜியிலிருந்து மீதி வாக்கியம் சத்தமில்லாமல் வெட்டுப்படும்.

பேஸ்64 ஆக்கி, அதாவது பைட்களைச் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றிச் சேமிப்பது முதல் வழி. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்; அதைக்கூடப் பொறுக்கலாம், ஆனால் தேடலும் வரிசைப்படுத்தலும் போயே போச்சு. எந்த வரி பேஸ்64, எது நேரடி எழுத்து என்று டேபிளில் தனிப் பத்தி (column) ஒன்றில் குறித்து வைத்ததுதான் பின்னால் காப்பாற்றியது. இமோஜியை அதன் எண்ணாக எழுதும் எச்டிஎம்எல் எண்குறி இன்னும் மோசம்: பிரவுசரில் அழகாகத் தெரியும், மொபைல் ஆப்பில் அப்படியே 😀 என்று நிற்கும்.

நிலைத்தது ஜேசான் எஸ்கேப், அதாவது ஜேசான் தரவில் ஒவ்வொரு குறியையும் அதன் எண்ணாக எழுதும் முறை மட்டுமே. அனுப்புவது முழுக்க ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண்கள்) என்பதால் நடுவில் உள்ள சர்வர் எந்த என்கோடிங்கை ஊகித்தாலும் கவலையில்லை. ஜேசானைப் படிக்கும் எந்த பார்சரும் தானாகப் பிரித்துவிடும். தமிழ்க் குறி மூன்று பைட்டிலிருந்து ஆறாகும், ஜிசிப் போட்டுச் சுருக்கினால் பெரிதாக உறுத்தாது. இமோஜி இரண்டு எஸ்கேப்பாகப் பிரியும், நீளம் பார்த்து வெட்டும் நிரல் அந்த ஜோடியின் நடுவே வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அனுமதி கிடைத்து, நான்கு பைட் வரை ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4'க்கு மாறினோம். 2010இல் மைஎஸ்கியூஎல் 5.5.3 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி அது! மாற்றும்போது இண்டெக்ஸ் (வேகமாகத் தேட வைக்கும் பட்டியல்) தகராறு செய்தது. டேபிளின் பழைய வரி அமைப்பில் (row format) இண்டெக்ஸின் வரம்பு 767 பைட்; 255 குறிகளுக்கு 1020 வேண்டும். 191 ஆகக் குறைக்கலாம், அல்லது வரி அமைப்பை டைனமிக் ஆக்கி 3072 பைட் வரை போகலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் சரிப்பட்டது. டேபிளை மட்டும் மாற்றினால் போதாது, கனெக்‌ஷனின் கேரக்டர் செட்டையும் மாற்ற வேண்டும்.

அப்புறமும் ஒன்று பாக்கி. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் அனுப்பலாம், இரண்டாகப் பிரித்தும் அனுப்பலாம். உள்ளே வரும்போதே என்எஃப்சி செய்தால் (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) அது தீரும். 'கௌ'வில் 'ள' தட்டிவிடுபவர்களை என்எஃப்சி கண்டுகொள்ளாது. தேடலில் அதற்கென்று நாங்களே எழுதிய தனி விதி இன்றும் ஓடுகிறது.