இன்சாகி சகோதரர்கள்: பயிற்சியாளராக யார் ஒரு படி மேல்?

இருவரும் இத்தாலியக் கால்பந்து வீரர்களாக ஆடிய காலத்தில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அண்ணன் பிலிப்போ, 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் இருந்தவர். ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2007 இறுதியில், லிவர்பூலுக்கு எதிராக இத்தாலிய கிளப் மிலன் அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை. தம்பி சிமோனேவும் முன்கள வீரர்தான். ரோமின் லாசியோ கிளப்புக்காக, பிரான்சின் மார்சேய்க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல் அடித்தவர். ஆனாலும் 'பிலிப்போவின் தம்பி' என்றே பலருக்கும் தெரிந்தார்.

பயிற்சியாளர் வேலையில் கதை தலைகீழ். ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டில், 2014-ல், பிலிப்போவுக்கு மிலனின் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது. அணி லீக்கில் 10-வது இடத்தில் முடிந்தது, பதவியும் போனது.

சிமோனே 2010-லிருந்து லாசியோவின் இளையோர் அணிகளோடு பொறுமையாக உழைத்தார். 2016-ல்கூட லாசியோ முதன்மை அணியின் நிரந்தரப் பயிற்சியாளர் பதவி முதலில் அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சாவுக்குத்தான் போனது. அவர் இரண்டே நாளில் விலகியதால்தான் இவருக்கு வந்தது. அப்புறம் 2019-ல் லாசியோவோடு கோப்பா இத்தாலியா (இத்தாலியக் கோப்பை), மிலன் நகரின் இன்னொரு கிளப்பான இன்டரில் 2023-24 லீக் பட்டம், இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிகள். இரண்டிலும் தோல்வி, 2025-ல் 0-5 என்று வலிக்க வலிக்க. ஆனால் இன்டரில் அவருடைய 3-5-2 ஆட்டம் (3 தடுப்பு, 5 நடுக்கள, 2 முன்கள வீரர்கள்) அழகாக இருந்தது: இடது ஓரத்திலிருந்து டிமார்கோ பந்தைத் தூக்கிப் போட, வலது ஓரத்து டம்ஃப்ரீஸ் கோல் முன்னால் வந்து நிற்பார்.

சரி, பிலிப்போ தோற்றவரா? நிச்சயமாக இல்லை. வெனிசியா, பெனவென்டோ, 2025-ல் பீசா என மூன்று அணிகளை அடுத்த மேல் பிரிவுக்கு ஏற்றியவர். முதல் பிரிவுக்குத் திரும்ப பீசா 34 ஆண்டுகள் காத்திருந்தது. அணியை மேலே ஏற்ற அண்ணன். பட்டத்துக்கு மோத, என் ஓட்டு தம்பிக்கு.