பிஎம் கிசான் பணம்: மேலூர் பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ
நிலம் வச்சிருக்க விவசாயிங்களுக்கு மத்திய அரசு குடுக்குற பணம் இது, வருஷத்துக்கு 6000 ரூவா, மூணு தவணையா 2000 2000னு நேரா அக்கவுண்ட்டுக்கே வந்துருது, நடுவுல யாரும் கை நீட்ட வழியில்ல, அதுக்கு முழு மார்க். ஆனா 2019ல ஆரம்பிச்சப்ப இருந்த அதே தொகைதான், நடவு கூலி அப்படியேவா நிக்குது?

ஆதார் பேங்க்ல லிங்க் ஆகியிருக்கணும், இகேஒய்சி (ஆதார் வச்சு ஆள் நாமதானான்னு சரிபாக்குறது) முடிச்சிருக்கணும், ஒண்ணு விட்டாலும் தவணை நின்னுரும். எங்கம்மாவுக்கு களை எடுத்தே கைரேகை தேஞ்சுபோச்சு, இ-சேவை மையத்துல மெஷின் எடுக்கவே மாட்டேங்குது, அங்க இருந்த பொண்ணு "வெரல நல்லா தொடச்சுட்டு வைங்கம்மா"ன்னு பொறுமையா சொல்லிப் பாத்துட்டு கடைசில பிஎம் கிசான் ஆப்ல மூஞ்சிய ஸ்கேன் பண்ணி முடிச்சு குடுத்துருச்சு. அந்தப் புள்ளைக்கு அஞ்சு ஸ்டார் தனியா.

எனக்கு கடுப்பே வேற. பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் பணம். பெரியாறு கால்வாய் தண்ணிய நம்பி குத்தகைக்கு நெல்லு போடுறவருக்கு ஒத்த ரூவா கிடையாது, சென்னைல உக்காந்திருக்க ஓனருக்கு மெசேஜ் வருது, என்னத்த சொல்ல. 2019 பிப்ரவரி 1க்கு அப்புறம் நிலம் வாங்குனவங்களுக்கும் இல்ல, வாரிசா வந்த நிலம்னா மட்டும் ஓகே.

அஞ்சுக்கு மூணு குடுக்கலாம். மல்லி, காய்கறி போடுறவங்க சொட்டுநீர் மானியத்தையும் பாருங்க, சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75.