பூட்டிய அறைக்குள் 14 பேர்: விளக்கில் நாங்கள் ஏமாந்த கதை

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பறை நடத்துகிறோம். அதற்கு 'தானாகச் சிந்திக்கும்' விளக்குகள் போடுகிறேன் என்று ஒருவர் வந்தார். உள்ளே எத்தனை பேர், ஜன்னல் வழியே எவ்வளவு வெயில் என்று சென்சார் அளக்குமாம். அதற்கேற்ப வெளிச்சம் கூடிக் குறையுமாம். காலையில் வெள்ளை, மாலையில் மஞ்சள். கண்ணில் 480 நானோமீட்டர் வாக்கில் வரும் நீல ஒளிக்குத் தூண்டப்படும் செல்கள் இருக்கின்றன, உடல் கடிகாரத்துக்கு அவைதான் சேதி சொல்கின்றன என்றும் விளக்கினார். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே பொய்யை விற்றதுதான் எரிச்சல்.

முதல் வாரமே வம்பு ஆரம்பித்தது. அசையாமல் படிப்பவரின் தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டினால் திரும்ப எரியும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கொரு முறை கூரைக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சிஸ்டம் இப்பதான் கத்துக்குது சார், டேட்டா சேரச் சேர சரியாயிடும்" என்றார். நானும் நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்தேன். சரி, என் முட்டாள்தனம்.

இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. மாட்டியிருந்தது பிஐஆர் சென்சார். உடல் வெப்பம் இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும். ஆடாமல் உட்கார்ந்தவர் அதன் கணக்கில் இல்லாதவர். மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கிற ரேடார் சென்சார் வேறு வகை. விலைப்பட்டியலில் இருந்தது அதுதான்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள். அறையைப் பூட்டி சாவி என் பையில். சும்மா போனில் இந்த விளக்குகளுக்கான ஆப்பைத் திறந்தேன்: காலை 11 மணிக்கு 14 பேர், மாலையில் இன்னும் கூட்டம், அழகான வரைபடம். இந்த மாதிரி பிஐஆர் சென்சார் ஆள் நடமாட்டத்தைத்தான் சொல்லும், தலையை எண்ணாது. அப்படியானால் இந்த 14 எங்கிருந்து வந்தது?

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கத்து ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றச் சொன்னோம். வெயிலை அளப்பதாகச் சொன்ன வெள்ளைக் குமிழ் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒயரே இல்லை, பசை மட்டும். நிறம் மாறியதெல்லாம் ஒரு சாதாரண டைமரால். மழை இருட்டிய மதியம் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் மேசையில் 180 லக்ஸ். அவர் எழுதிக் கொடுத்தது 500.

வாங்கப் போகிறவர்கள் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு சோதியுங்கள். பகலில் திரையை இழுத்து மூடுங்கள், வெளிச்சம் ஏற வேண்டும். இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ஆளில்லாத நாளின் பதிவைக் கேளுங்கள், வரைபடமாக அல்ல, எண்களாக. விளக்குகளைக் கட்டுப்படுத்த டாலி (DALI) மாதிரி, பல நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான தரமுறையில் போடச் சொல்லி, சிஸ்டத்தின் பாஸ்வேர்டையும் எழுதி வாங்குங்கள். எங்களுடையது அவரிடமே இருக்கிறது, அவரோ போனை எடுப்பதில்லை.

இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட்டிருக்கிறோம். ஆப்பில் வரைபடம் இன்னும் ஓடுகிறது. நேற்று 17 பேராம்.